பந்து வருமுன் காத்தல்

2021-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தின் மகளிர் சாப்ட்பால் இறுதியாட்டம் யோகொஹாமாவில் நடைபெற்றது. ஜப்பான் 2-0 என முன்னணியில் இருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் அமெரிக்கர் இருவர் நிற்க, அமன்டா சிடெஸ்டர் பந்தை விசையுடன் அடித்தார். அது மூன்றாம் தளத்தைக் காத்த யூ யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறித்தது. தரையில் விழுமுன் மானா அட்சுமி அதைப் பற்றி, நொடியில் இரண்டாம் தளத்துக்கு எறிந்தார். தளத்தை விட்டு ஓடியவர் திரும்புமுன் பந்து அங்கு சேர்ந்தது. ஒரே அடியில் இருவர் ஆட்டமிழந்தனர். தங்கப் பதக்கம் ஜப்பானுக்குக் கிடைத்தது.

நேயர்களே, இது அதிர்ஷ்டமா? பந்து தெறித்த திசை அதிர்ஷ்டமே. ஆனால் அதைப் பிடித்ததும், எங்கே எறிவதென்று தயங்காமல் எறிந்ததும் பயிற்சியின் பயன்.

இவ்வாட்டத்தில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் 60 அடி தொலைவே. விரைந்தோடுபவர் முதல் தளத்தை ஏறக்குறைய 3 வினாடிகளில் அடைந்துவிடுவார். அதற்குள் பந்தைத் தடுத்து, எடுத்து, எறிய வேண்டும். ஒருமுறை தடுமாறினால் அவ்வாய்ப்பு மீண்டும் வாராது.

முதற்கண் கற்கவேண்டுவது நிற்கும் நிலை. கால்களை அகட்டி, முழங்கால்களை மடித்து, உடற்பாரத்தை முன்பாதத்தில் தாங்கி, கையுறையைத் தரையருகே வைத்தல் வேண்டும். தாழ்ந்த கையை உயர்த்துவது எளிது. உயர்ந்த கையைத் தாழ்த்துவதற்குள் பந்து கடந்துவிடும்.

அடுத்து, கையுறையின்றி இருவர் எதிரெதிரே மண்டியிட்டுப் பந்தை மெல்ல உருட்டிப் பழகலாம். இரு கைகளாலும், கண்ணெதிரே பந்தைப் பற்ற வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதபோது ஒரு சுவரே போதும். அதில் எறிந்த பந்து துள்ளி வருகையில், வலமும் இடமும் நகர்ந்து பிடிக்கலாம். மெதுவான பந்தில் தொடங்கினால் அச்சம் நீங்கும். அஞ்சி முகத்தைத் திருப்புபவர் பந்தின் போக்கைக் காணாமல் அடிபடுவார்; ஆதலின் வேகத்தைப் படிப்படியாகவே கூட்டுக.

உயரே எழும் பந்துக்கு முதல் அடியைப் பின்னோக்கி வைத்தல் நலம். பின்னோக்கி ஓடுவதினும் முன்னோக்கி வருவது எளிதன்றோ? பிடிக்கப் போகிறவர் ‘எனது’ என்று உரக்கக் கூவ வேண்டும். இன்றேல் இருவர் மோதிக்கொள்வர்.

இறுதியாக, மனப் பயிற்சி. ஆசிரியர் பந்தை அடிக்குமுன், “இரண்டாம் தளத்தில் ஒருவர், ஆட்டமிழந்தவர் ஒருவர்” என நிலைமையை அறிவிக்கட்டும். பந்து தம்மிடம் வந்தால் எங்கே எறிவோமென ஒவ்வொருவரும் முன்னரே கூறட்டும். பந்து வாராதவரும் சும்மா நில்லாமல், எறியும் பந்து தவறினால் தடுக்கும் இடத்துக்கு ஓடட்டும். களைப்படையுமுன் பயிற்சியை நிறுத்துக. களைத்த உடல் பிழையையே பழகும்.

பந்து எங்கே தெறிக்கும் என்பதை எவரும் அறியார். தெறித்த பின் செய்யவேண்டியதை மட்டும் முன்னரே அறிந்திருக்கலாம்.