நியூத்திரன் செல்லும் வழி

கதிர்வீச்சைத் தடுப்பதற்கு எழுப்பப்படும் சுவர் எத்துணைத் தடிப்புடையதாதல் வேண்டும் என்னும் வினா கேட்பதற்கு எளியது. விடை காண்பதற்கு அரியது. வீட்டுச் சுவரின் உறுதியைக் கட்டுவோன் கையால் தட்டி அறிந்துகொள்வான். அணுவுலையின் கவசச் சுவரையோ, புற்றுநோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் அறையின் சுவரையோ அவ்வாறு தட்டி அறிதல் இயலாது. சுவர் எழுந்து, கதிர் மூலம் உள்ளே வைக்கப்பட்ட பின்னரே கருவிகொண்டு அளத்தல் கூடும். அப்பொழுது குறை காணப்படின், இடித்துக் கட்டுதல் பெருஞ் செலவையும் ஆபத்தையும் தருவதாகும். ஆகையால் கட்டுதற்கு முன்னரே கணித்தறிய வேண்டிய தேவை எழுகின்றது. இக்கணிப்பினைக் கணினி வாயிலாகச் செய்யும் முறையையும், அதில் அணுப் பொறியியலாளர் பெறும் கைப்பயிற்சியின் இயல்பையும் ஈண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லையே, கல்முனைக் கரையில் வாழும் மாணவனுக்கு இப்பொருளால் ஆவதென்ன என ஒருவர் வினவலாம். இலங்கை 1957ஆம் ஆண்டு தொட்டுச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உறுப்பு நாடாக இருந்து வருகின்றது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை கதிர்ச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. பியகமையிலுள்ள காமாக் கதிர் நிலையத்தில் கோபாற்று 60 என்னும் மூலத்தின் கதிர்களால் பொருள்கள் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் மேற்படி முகவரகத்தின் நிபுணர் குழுவொன்று, அணுமின் ஆக்கத்திற்கு இந்நாடு எவ்வளவு ஆயத்தமாயுள்ளது என்பதை வந்து ஆராய்ந்தது. கடலுக்கு அப்பால் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் இயங்குகின்றன. எனவே இவ்வறிவு அயலாருக்கே உரியது என்று ஒதுக்கத்தக்கதன்று.

இனி, நியூத்திரனின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். அணுக்கரு பிளவுறும்போது வெளிப்படும் நியூத்திரன் நேர்கோட்டிற் பாய்கின்றது. ஏதேனும் ஓர் அணுக்கருவோடு மோதுகின்றது. மோதிய இடத்தில் விழுங்கப்படுகின்றது, அல்லது திசை மாறிச் சிதறுகின்றது. சிதறுந்தோறும் அதன் சத்தி குறைகின்றது. இருபது இலட்சம் இலத்திரன்வோற்றுச் சத்தியோடு புறப்பட்ட நியூத்திரன், சூழலின் வெப்பநிலைக்குரிய மெல்லிய வேகத்தை அடைவதற்கு ஐதரசனோடு சராசரி 18 மோதல்கள் போதும்; காபனோடாயின் ஏறத்தாழ 115 வேண்டும்; யுரேனியத்தோடாயின் 2000க்கு மேற்பட்டவை வேண்டும். பந்து தன் எடைக்கு நிகரான பந்தை மோதினால் வேகத்தை இழக்கும். மலையை மோதினால் அவ்வேகத்தோடே திரும்பும். நீர் நல்ல கவசமாதற்குக் காரணம் இதுவே.

இம்மோதல்கள் யாவும் நிகழ்தகவுக்கு உட்பட்டவை. ஒரு தனி நியூத்திரன் எங்கே மோதும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லல் இயலாது; கோடிக்கணக்கானவை சராசரியாக என் செய்யும் என்பதையே சொல்லல் கூடும். அச்சராசரியைத் தருஞ் சமன்பாடு உண்டு. ஆயினும் குழாய்களும் வளைவுகளும் இடைவெளிகளும் நிறைந்த மெய்யான உலைக்கு அச்சமன்பாட்டைக் கடதாசியில் தீர்த்தல் பெரும்பாலும் கைகூடாது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்த எண்ணம் 1946ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் உள்ளத்தில் உதித்தது. ஸ்தனிஸ்லாவ் உலாம் என்னும் போலந்து நாட்டுக் கணித அறிஞர் அமெரிக்காவில் நோயுற்றுத் தேறிவரும் காலத்திற் பொழுதுபோக்காகத் தனியே சீட்டாடி வந்தார். ஓர் ஆட்டம் வெல்லப்படுவதற்குரிய நிகழ்தகவு யாது என்று கணிக்கப் புகுந்து, கணிதம் நீண்டு செல்வதைக் கண்டு, நூறு முறை ஆடிப் பார்த்து வென்றவற்றை எண்ணினால் என்ன என்று நினைத்தார். அதே வழியை நியூத்திரனுக்குங் கொள்ளலாமென அவருக்குத் தோன்றியது. நண்பர் யோன் வொன் நோமன் 1947இல் அதனை விரிவான கணிப்புத் திட்டமாக வகுத்தார். 1948இல் ஈனியாக் என்னும் ஆதிக் கணினியில் அக்கணிப்பு நிகழ்த்தப்பட்டது; அதற்குரிய செய்நிரலை ஆக்குவதிற் பெரும் பங்கு கொண்டவர் நோமனின் மனைவியார் கிளாரா. சூதாட்டக் கூடங்களுக்குப் பெயர்போன மொன்ரே கார்லோ நகரின் பெயரை இம்முறைக்குச் சூட்டியவர் நிக்கலஸ் மெற்றோப்போலிஸ். அந்நகருக்குப் போகவேண்டுமென்று உறவினரிடம் கடன் வாங்கும் சிற்றப்பன் ஒருவர் உலாமுக்கு இருந்தாராம்! இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1930களின் தொடக்கத்தில், உரோமாபுரியில் என்றிக்கோ பெர்மி இத்தகைய கணிப்பைக் கையாற் செய்து வந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

முறையின் உட்பொருளை அறியக் கணினியும் வேண்டா. ஒரு பகடை போதும். மூன்று படைகள் கொண்ட சுவரொன்றை வைத்துக்கொள்க. நியூத்திரன் முதலாம் படையினுட் புகுகின்றது. ஒவ்வொரு படையிலும் பகடையை ஒரு முறை உருட்டுக. 1 அல்லது 2 விழுந்தால் நியூத்திரன் விழுங்கப்பட்டது. 3 அல்லது 4 விழுந்தால் அடுத்த படைக்கு முன்னேறியது. 5 அல்லது 6 விழுந்தால் முந்திய படைக்குத் திரும்பியது. மூன்றாம் படையைக் கடந்தது சுவருக்கு வெளியே போயிற்று; முதலாம் படையிலிருந்து திரும்பியது மூலத்தின் பக்கத்துக்கே மீண்டது.

இச்சிறு சுவருக்கு மெய்யான விடையை இயற்கணிதத்தாற் காணலாம். மூன்று எளிய சமன்பாடுகளைத் தீர்க்கின், 21 நியூத்திரன்களில் சராசரி 12 விழுங்கப்படும், 8 மீளும், 1 மாத்திரம் சுவரைக் கடக்கும் என்பது பெறப்படும். இனி, கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு வகுப்பிலுள்ள நாற்பது மாணவர், ஆளுக்கு 21 நியூத்திரன்களின் கதையைப் பகடைகொண்டு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நியூத்திரன் கடப்பதைக் காண்பார் என்று எண்ணுதல் தவறு. ஒன்றுமே கடவாதிருப்பதற்கு உரிய நிகழ்தகவு 100க்கு ஏறத்தாழ 36 ஆகும். ஆகவே நாற்பதின்மரில் பதினான்கு பேரளவில், தம் சுவர் முற்றும் காவலானது, ஒன்றும் வெளியேறவில்லை என்று எழுதுவர். அவர்கள் பகடையை நேர்மையாகவே உருட்டினர், எண்ணியதிலும் பிழையில்லை, விடை மாத்திரம் பொய். நாற்பதின்மர் கணக்கையும் ஒன்று கூட்டினால் 840 நியூத்திரன்களுக்கு 40 அளவில் கடந்திருக்கும். மூன்றில் இரு பங்கு வேளைகளில் அத்தொகை 34க்கும் 46க்கும் இடையில் நிற்கும்.

காணாமையை இல்லாமை என்று கொள்ளும் இப்பிழையே கவசக் கணிப்பில் மிகக் கொடியது. கணினி பகடையை ஒரு நொடியில் இலட்சம் முறை உருட்டவல்லதாயினும், பிழையின் வேர் அதுவேதான். வழு, கணக்கில் வந்து சேர்ந்த துணிக்கைகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். 100 துணிக்கைகள் வந்து சேர்ந்தால் நூற்றுக்குப் பத்து அளவில் வழு இருக்கும். அதனை நூற்றுக்கு ஒன்றாக்க 10,000 வரவேண்டும். கோபாற்று 60இன் காமாக் கதிர் ஈயத்தில் ஏறத்தாழ 1.2 சதமமீற்றர் சென்றதும் பாதியாகக் குறைகின்றது. சிதறிய கதிர்களைச் சேர்க்காது கணக்கிடின், அத்தகைய இருபது தடிப்புகள், அஃதாவது 24 சதமமீற்றர் ஈயம், பத்து இலட்சத்தில் ஒன்றையே கடக்கவிடும். அப்பாலே 10,000 துணிக்கைகளைக் காண்பதற்கு 1000 கோடி துணிக்கைகளைப் புறப்படுத்த வேண்டும்.

இதற்கென அறிஞர் கண்ட உபாயம் அழகியது. சுவரின் உள்ளே ஆழச் செல்லும் துணிக்கையை ஓர் எல்லையில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றுக்கும் அரை நிறை அளிப்பர். பயனற்ற திசையிற் செல்வதைக் குலுக்கலுக்கு உட்படுத்திச் சிலவற்றை நீக்கி, எஞ்சியவற்றின் நிறையை உயர்த்துவர். மொத்த நிறையின் சராசரி மாறாது. ஆழத்திற் காணப்படும் துணிக்கைகளின் தொகை பெருகும். எல்லைகளை எங்கே இடுவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் கைத்திறம். பயிற்சி வகுப்புகளில் நாட்கணக்காகச் செலவிடப்படுவது இதன்பொருட்டேயாம், அச்செலவு வீணன்று.

இத்துறையிற் பெரிதும் வழங்கும் மென்பொருள், அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் உருவாகிய எம்.சி.என்.பி. என்பது. அதனைக் கற்பவன் மூன்று பகுதிகளாகத் தன் பிரச்சினையை எழுதுகின்றான்: எப்பொருள் எவ்விடத்தில் உள்ளது என்பது முதலாவது, அவ்விடங்களைச் சூழும் தளங்கள், கோளங்கள், உருளைகள் எவை என்பது இரண்டாவது, பொருள்களின் சேர்க்கை, கதிர் மூலம், அளக்கவேண்டியது யாது என்பன மூன்றாவது. இவ்வரிகளை இன்றும் அட்டைகள் என்றே அழைக்கின்றனர். துளையிட்ட அட்டைகளைக் கணினிக்கு ஊட்டிய காலம் மறைந்தும் அதன் சொல் மறையவில்லை.

பயிற்சியின் இன்றியமையாமையை உணர்த்த ஒரு சிறு குறி போதும். இம்மென்பொருளிற் பொருளின் அடர்த்தியைக் கழித்தற் குறியோடு எழுதினால், அது ஒரு கன சதமமீற்றருக்கு எத்தனை கிராம் என்று கொள்ளப்படும். குறியின்றி எழுதினால் அணுக்களின் செறிவாகக் கொள்ளப்படும். சாதாரண கொங்கிரீற்றின் அடர்த்தி 2.3 கிராம். கழித்தற் குறியை மறந்து 2.3 என்று மாத்திரம் எழுதிவிடின், சுவர் மெய்யான கொங்கிரீற்றைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு செறிந்த பொருளாகிவிடும். கணினி அதனைக் கடிந்து நிறுத்துமென்று நம்பியிருத்தல் தகாது. கணித்து முடித்து, மிக நுண்ணிய வழுவோடு, வெளியே கதிரில்லை என்று விடை தரும். மருதமுனைக் கைத்தறியில் ஓர் இழை தவறினால் நெய்பவரின் கண்ணுக்கு அது துணியில் தெரிந்துவிடும். இங்கே தவறிய இழை துணியைப் பார்ப்பதற்கு மேலும் அழகாக்கிக் காட்டுகின்றது! விடையோடு அச்சாகி வரும் வழு பகடை எத்தனை முறை உருட்டப்பட்டது என்பதை உணர்த்துமேயன்றி, எழுதப்பட்ட சுவர் கட்டப்படும் சுவர்தானா என்பதை உணர்த்தாது. ஆசிரியர் ஒருவர் அருகிருந்து, இவ்விடையைக் கைக்கணக்கோடு ஒப்பிட்டாயா என்று கேளாவிடின், மாணவன் வேகமாகத் தவறு செய்யவே கற்றுக்கொள்வான்.

தமிழ் வழங்கும் நாட்டில் இத்தகைய பயிற்சிக்குச் சிறந்த இடம் கல்பாக்கம். இந்தியா அணு விஞ்ஞானப் பட்டதாரிகளைப் பயிற்றும் பள்ளியை 1957இல் துரொம்பேயில் நிறுவியது. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதன் கிளை 2006இல் ஏற்பட்டது. அங்கே கணிப்பைச் சோதித்தற்கு உரைகல்லாக உலைகளும் உண்டு. அவற்றுள் காமினி என்பது 1996 ஒற்றோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் வலு 30 கிலோவாற்று மாத்திரமே. எரிபொருள், தோரியத்திலிருந்து ஆக்கப்படும் யுரேனியம் 233. தோரியந் தரும் மொனசைற்று, தென் தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சி மணலிற்போல, இலங்கையின் கீழ்க்கரைப் புல்மோட்டை மணலிலும் சிறிதளவு கலந்துள்ளது. காமினி நியூத்திரன் படப்பிடிப்புக்கும் கவச ஆய்வுக்கும் உதவுவது. கணித்த எண்ணையும் அளந்த எண்ணையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு, பயில்வோனுக்குக் கிடைக்கும் பெரும்பேறு.

2004 திசெம்பர் 26ஆம் நாள் கல்முனைக் கரையை அழித்த ஆழிப்பேரலை அன்றே கல்பாக்கத்தையும் தாக்கியது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அணுமின் அலகு, கடல் நீர் பம்பி அறையுட் புகவே பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஈனுலையின் அத்திவாரக் குழி நீரால் நிரம்பியது. கவசச் சுவருக்கு வெளியேயிருந்து வரும் இத்தகைய இடரை நியூத்திரனின் வழியைக் கணிக்கும் மென்பொருள் எதுவும் காட்டாது. அதனை எண்ணி வைத்தல் மனிதருக்கே உரியது.

கல்முனைப் பகுதி மாணவருக்கு அருகில் உலையில்லை. எம்.சி.என்.பி. உரிமம் விண்ணப்பித்து, ஆராயப்பட்டுப் பெறவேண்டியது. ஆனால் 2011இல் மாசாசுசெற்சுத் தொழில்நுட்ப நிறுவனத்திற் தொடங்கிய ஓப்பன்எம்.சி. என்னும் மென்பொருள் விலையின்றி, மூல நிரலோடு எவர்க்குங் கிடைக்கின்றது. சாதாரண மடிக்கணினியிலும் சிறு பிரச்சினைகளுக்கு அது போதும். 1998இல் வெளிவந்த ஜியன்ற்4 மருத்துவக் கதிரியலுக்கும் பயன்படுவது. ஒலுவிலில் 1996 முதற் பல்கலைக்கழகமாக விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞானப் பீடமும் உள்ளன. உலையின் இடத்தை ஓரளவு நிரப்பவல்லது, அளந்த விடை தெரிந்த பிரச்சினைகளின் தொகுதி. லொஸ் அலமொசில் 1950களில் ஆராயப்பட்ட கோடைவா என்னும் கவசமற்ற யுரேனியக் கோளம் அவற்றுட் பெயர்பெற்றது. அதன் பெருக்கக் காரணி ஒன்று என்பது அளவீட்டால் தெரிந்தது. பயில்வோர் பலர் முதலிற் செய்வது அக்கோளத்தை எழுதி, கணினி தரும் எண் ஒன்றுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது என்று பார்ப்பதே. அதற்கும் முன்னதாக, மூன்று படைச் சுவரை எழுதி, இருபத்தொன்றில் ஒன்று வருகின்றதா என்று பார்த்தல் கூடும்.