கருவூல உண்டியலும் குடும்பச் சேமிப்பும்

ஒரு குடும்பத்தின் கையில் உள்ள பணம் முழுவதும் ஒரே தன்மையதன்று. முதுமைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்ப்பது ஒரு வகை. மூன்று மாதத்தில் கல்லூரிக்குக் கட்டவேண்டிய சம்பளம், ஆறு மாதத்தில் வீட்டுக் கிரயத்திற்குக் கொடுக்கவேண்டிய தொகை, அடுத்த ஆண்டு நிகழவிருக்கும் திருமணச் செலவு என்பன மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பணத்திற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளில் அது குறைவின்றிக் கைக்கு வந்தாக வேண்டும். பங்குகளில் இட்டால் வேண்டிய சமயத்தில் விலை இறங்கியிருக்கலாம். மிகுந்த வட்டி தருவதாக ஆசை காட்டுவோரிடம் கொடுத்தால் முதலுக்கே மோசம் வரலாம். சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்தால் கிடைக்கும் வட்டி சொற்பம். இத்தகைய பணத்தை வைப்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று கருவூல உண்டியல். நெடுங்காலம் வங்கிகளும் பெரிய நிறுவனங்களுமே வாங்கி வந்த இதனைச் சாதாரணக் குடும்பத்தாரும் இன்று பங்குத் தரகரிடம் உள்ள கணக்கின் மூலமாகவே வாங்கலாம். அது எவ்வாறு என்பதையும், வாங்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கே காண்போம்.

உண்டியல் என்றவுடன் கோயிலில் காணிக்கை இடும் பெட்டியே பலருக்கு நினைவு வரும். வணிகர் வழக்கில் உண்டியல் என்பது வேறு. இன்ன தொகையை இன்ன நாளில் இன்னாரிடம் செலுத்துவதற்கென எழுதப்படும் சீட்டே அது. ஊர் விட்டு ஊர் சென்று வாணிகம் செய்தோர் பணமூட்டைக்குப் பதிலாக இச்சீட்டையே நம்பி வாழ்ந்தனர். எழுதியவரின் நாணயம் எத்தகையதோ அத்தகையதே சீட்டின் மதிப்பும். கருவூல உண்டியலும் அவ்வகையினதே. இதனை எழுதிக் கொடுப்பவர் மத்திய அரசாங்கம் என்பதுதான் வேறுபாடு.

அரசாங்கம் ஏன் குறுகிய காலக் கடன் வாங்க வேண்டும்? வரி வருமானம் நாள்தோறும் ஒரே சீராக வருவதில்லை. முன்கூட்டிச் செலுத்தும் வருமான வரியின் தவணை நாட்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களின் 15-ஆம் தேதிகளில் அமைந்துள்ளன. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியுமோ மாதந்தோறும் கொடுபட வேண்டியவை. வரவுக்கும் செலவுக்கும் இடையே ஏற்படும் இந்தக் கால இடைவெளியை நிரப்பவே பெரும்பாலும் உண்டியல்கள் வெளியிடப்படுகின்றன. அறுவடைக்கு முன் கைமாற்று வாங்கி, நெல் விற்றதும் திருப்பிக் கொடுக்கும் குடியானவரின் நிலை இதற்கு ஒப்பாகும்.

இங்கிலாந்தில் 1877-ஆம் ஆண்டு வால்ட்டர் பேஜட் என்னும் பொருளியல் எழுத்தாளரின் யோசனைப்படி இம்முறை தோன்றியது. இந்தியாவில் முதல் உலகப் போரின் நடுவே 1917-இல் கருவூல உண்டியல்கள் முதன்முதலாக வெளியாயின. சுதந்திரத்திற்குப் பின், 1955-இல் ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின்படி, அரசாங்கத்தின் இருப்புக் குறையும்போதெல்லாம் ரிசர்வ் வங்கியே உண்டியலைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுத்து வந்தது. 1974 முதல் இவ்வுண்டியல்களின் வட்டி விகிதம் 4.6 சதவிகிதம் என்று நிலையாக நின்றது. இம்முறை பணப் புழக்கத்தை அளவின்றிப் பெருக்கியது. ஆகவே 1997 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. பின்னர் 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தின் பயனாக, 2006 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி அரசாங்கத்தின் புதிய பத்திரங்களை நேரடியாக வாங்குவது பொதுவாக நின்றுவிட்டது. இன்று அரசாங்கம் சந்தைக்கு வந்து, ஏலத்தின் மூலம் கடன் கேட்க வேண்டும். அந்த ஏலத்தில்தான் நமக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

உண்டியல்கள் இப்பொழுது 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று வகையாக வெளியிடப்படுகின்றன. இந்த எண்கள் விந்தையாகத் தோன்றலாம். ஏழால் வகுத்துப் பார்த்தால் முறையே 13 வாரம், 26 வாரம், 52 வாரம் என்பது விளங்கும். ஏலம் சாதாரணமாகப் புதன்கிழமை நடைபெறும்; மறுநாள் பணம் செலுத்தப்படும். ஆகவே தவணை முடிவதும் ஒரு வியாழக்கிழமையாகவே அமையும். நமக்குப் பணம் தேவைப்படும் நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் எந்த வார ஏலத்தில் சேரலாம் என்பது தெரிந்துவிடும். ஏல நாட்களின் அட்டவணையை ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் முன்னதாகவே வெளியிடுகிறது.

உண்டியலுக்கு வட்டி என்று தனியாக எதுவும் தருவதில்லை. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம். தவணை முடிவில் முகமதிப்பு முழுவதும் கிடைக்கிறது. இடைப்பட்ட வேறுபாடே நம் ஊதியம். எடுத்துக்காட்டாக, 91 நாள் உண்டியலின் விலை நூற்றுக்கு 98 ரூபாய் 50 காசு என்று கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் உண்டியலுக்கு நாம் கொடுப்பது 98,500 ரூபாய். 91 நாள் கழித்து வருவது 1,00,000 ரூபாய். கிடைத்தது 1,500 ரூபாய். இதனை ஆண்டு விகிதமாக்க வேண்டுமாயின், 1,500-ஐ நாம் உண்மையில் கொடுத்த 98,500-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 91-ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 6.11 என்று விடை வரும். வங்கி வைப்புடன் ஒப்பிடும்போது இந்த விகிதத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விலையை அறுதியிடுவது யார்? வங்கிகள் முதலியன தத்தம் விலையைக் குறிப்பிட்டு ஏலத்தில் போட்டியிடுகின்றன. நம்மைப் போன்றோர் விலை குறிப்பிட வேண்டுவதில்லை. வேண்டிய தொகையை மட்டும் தெரிவித்தால் போதும். இதனைப் போட்டியற்ற கேட்பு என்பர். போட்டியிட்டு வென்றோர் கொடுத்த விலைகளின் நிறையிட்ட சராசரி விலையில் நமக்கு உண்டியல் ஒதுக்கப்படுகிறது. சந்தை நுணுக்கம் அறியாதவரும் அறிந்தவர் பெறும் சராசரி விலையைப் பெறுகிறார் என்பது இம்முறையின் சிறப்பு. குறைந்த அளவு முகமதிப்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் பத்தாயிரத்தின் மடங்குகளில் கேட்கலாம்.

தேசியப் பங்குச் சந்தை 2018-இல் சிறு முதலீட்டாளரின் கேட்புகளைத் தரகர் வழியே திரட்டும் வசதியைத் தொடங்கியது. பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு தரகரிடம் வணிகக் கணக்கும் டீமாட் கணக்கும் தொடங்கியிருப்பவர், தரகரின் செயலியில் அரசுப் பத்திரங்களுக்குரிய பகுதியில் அவ்வாரத்து உண்டியல்களைக் காணலாம். ஏலத்திற்கு முந்திய நாளுக்குள், சில தரகரிடம் அதற்கும் முன்னதாக, கேட்பு முடிந்துவிடும். விலை முன்கூட்டித் தெரியாதாகையால் சற்றுக் கூடுதலான தொகை பிடித்து வைக்கப்படும். ஏலம் முடிந்தபின் மிகுதி திரும்பி வரும். உண்டியல் நம் டீமாட் கணக்கில் வரவு வைக்கப்படும். தவணை முடிந்ததும் அக்கணக்குடன் இணைந்த வங்கிக் கணக்கிற்குப் பணம் வந்து சேரும்.

இங்கு ஒன்றை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். தரகர் நம் கேட்பைக் கொண்டு செலுத்தும் தூதுவர், கடன்பட்டவர் அரசாங்கம். உண்டியல் நம் பெயரில் டீமாட் கணக்கில் ஏறிவிட்டதாயின், தரகரின் தொழில் நொடித்தாலும் அது நம்முடையதே. ஏறாத வரையில் தரகரிடம் நாம் பணம் கொடுத்து வைத்திருக்கிறோமேயன்றி அரசாங்கத்திற்குக் கடன் கொடுக்கவில்லை. ஆகவே தரகரின் செயலியில் காணும் எண்ணுடன் நின்றுவிடலாகாது. டீமாட் கணக்குகளைக் காக்கும் வைப்பகங்களான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகியவை அனுப்பும் கணக்கு அறிக்கையில் அந்த உண்டியல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்க உண்டியல் என்று சொல்லி, தனியார் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்வோரின் வலையில் விழாமலிருக்கவும் இந்தச் சோதனையே துணை.

வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்ச ரூபாய் வரையில் காப்புறுதி உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. வீடு விற்ற பணம் போன்ற பெருந்தொகையைச் சில மாதம் வைத்திருப்போருக்கு இந்த வரம்பு கவலை தரலாம். உண்டியலில் தொகை எவ்வளவாயினும் அரசாங்கத்தின் பொறுப்பு முழுமையானது.

ஆயினும் குறைகளையும் கூறாதிருத்தல் முறையன்று. இடையில் பணம் வேண்டுமாயின் உண்டியலைச் சந்தையில் விற்கலாம் என்பது விதி. சிறு தொகைக்கு வாங்குவோர் உடனே கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நல்ல விலை கிடைக்கும் என்பதற்கில்லை. எனவே நோய்நொடி போன்ற எதிர்பாராத செலவுக்கான பணத்தை இதில் முடக்கலாகாது. தரகுக் கட்டணமும் டீமாட் கணக்கின் ஆண்டுக் கட்டணமும் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். மேற்கண்ட விலையில் 10,000 ரூபாய் உண்டியலின் ஊதியம் 150 ரூபாயே. கட்டணம் நூறு ரூபாயானால் கைக்கு மிஞ்சுவது ஐம்பதுதான். மேலும் இவ்வூதியம் வரிக்கு உட்பட்டது. வருமான வரிக் கணக்கில் இதனைக் காட்ட வேண்டும். விலைவாசி விரைந்து ஏறும் காலத்தில் வரி போக எஞ்சுவது அவ்வேற்றத்தை ஈடுசெய்யாமலும் போகலாம். உண்டியல் பணத்தைக் காக்கும். செல்வத்தைப் பெருக்கும் என்று எதிர்பார்த்தல் தகாது.

தரகர் இன்றியே வாங்க விரும்புவோருக்கும் வழி உண்டு. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ரீடெயில் டைரக்ட் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடமே கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கலாம். 2024-இல் இதற்கெனக் கைப்பேசிச் செயலியும் வந்தது. வேறு முதலீடுகளும் உள்ளவருக்கு எல்லாம் ஒரே கணக்கில் இருப்பது வசதி என்பதால் தரகர் வழி ஏற்றதாகலாம். உண்டியல் ஒன்றே வேண்டுவோருக்கு ரிசர்வ் வங்கியின் வழி சிக்கனமானது.

வங்கியில் பணம் போட்டிருக்கும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ அரசாங்கத்திற்குக் கடன் கொடுத்தவரே. வைப்புகளில் ஒரு பகுதியை வங்கிகள் அரசுப் பத்திரங்களில் வைத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். உண்டியலை நேரே வாங்குவோர் இடையில் நிற்பவரைக் கடந்து அதே கடனைத் தாமே கொடுக்கின்றனர். எந்த இடத்தில் பணத்தை வைப்பதாயினும் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: திருப்பித் தரவேண்டியவர் யார்? எந்த நாளில் தருவார்? இவ்விரண்டிற்கும் ஐயமற்ற விடை கிடைத்த பின்னரே வட்டி எவ்வளவு என்னும் மூன்றாம் வினாவிற்குச் செல்ல வேண்டும்.