தீ அழிக்காத சான்று

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்து வைத்தது எது? கண்ணகியின் கண்ணீர் மட்டும் அன்று. உடைந்த சிலம்பினின்று தெறித்த மாணிக்கப் பரலே. அரசியின் சிலம்பிலோ முத்துகள் இருந்தன. சொல்லினும் பொருட்சான்று வலிது என்னும் அவ்வுண்மையே இன்றைய தடயவியலுக்கும் அடிப்படையாகும். அத்துறையின் அரிய பணிகளுள் ஒன்று, எரிந்த உடலை ஆராய்ந்து, இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார் என அறிதல்.

தீ அனைத்தையும் அழித்துவிடும் என நாம் எண்ணுகிறோம். ஆயினும், தோலும் தசையும் கருகிய பின்னரும் எலும்பும் பல்லும் எஞ்சும். வெப்பம் ஏற ஏற எலும்பு கறுத்து, சாம்பல் நிறமுற்று, இறுதியில் வெளுக்கும். பற்களின் அமைப்பும் அடைப்பும் மருத்துவரின் பழைய குறிப்புகளோடு ஒத்துவரின், இறந்தவர் இன்னார் எனத் துணியலாம்.

தீ நம்மை ஏமாற்றவும் கூடும். வெப்பத்தால் தசைகள் சுருங்கக் கைகள் மடங்கும். அதனைப் போராட்டத்தின் அடையாளம் என மயங்கலாகாது. மண்டையோடு வெப்பத்தாலும் வெடிக்கும், அடியாலும் உடையும். இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். மூச்சுக்குழாயினுள் கரி படிந்திருப்பின், தீப்பற்றியபோது உயிர் இருந்தது எனக் கொள்ளலாம்.

1995 ஜூலை 2 இரவு, புதுதில்லி உணவகம் ஒன்றின் தந்தூர் அடுப்பில் ஒரு பெண்ணின் உடல் எரிந்துகொண்டிருந்ததைக் காவலர் கண்டனர். முதற் பிணக்கூறாய்வு, தீக்காயமே சாவுக்குக் காரணம் என்றது. அத்துடன் நின்றிருந்தால் உண்மையும் எரிந்து போயிருக்கும். மருத்துவர் டி.டி. டோக்ரா இடம்பெற்ற குழு மீண்டும் ஆராய்ந்தது. எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையுடன் தலையிலும் கழுத்திலும் இரண்டு தோட்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன. சுட்டுக் கொன்ற பின்னரே எரித்தனர் என்பது புலனாயிற்று. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் தலைமையில் நடந்த மரபணுச் சோதனை, பெற்றோரின் குருதியோடு ஒப்பிட்டு, அவர் அவர்களின் மகளே என உறுதி செய்தது. கணவரே கொலையாளி என்ற தீர்ப்பை 2013-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. மரண தண்டனையை மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. நம் திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஊர்விட்டு வந்து உழைப்போர் பலர். அவருள் ஒருவர் தீயில் மாண்டால், முகம் பார்த்துப் பெயர் சொல்ல உற்றார் அருகில் இரார். அந்நிலையில் ஒரு பல்லோ, ஓர் எலும்போதான் அவர் பெயரை மீட்டுத் தரும். அப்பெயர் கிடைத்தாலன்றித் தாய் மகனை அடக்கம் செய்ய இயலாது. குடும்பத்திற்கு உரிய இழப்பீடும் எளிதில் வாராது.

ஆதலின், விரைந்து முடிவு கூறுதல் ஆராய்ச்சியாகாது. மீண்டும் ஒருமுறை நோக்குதலே இறந்தவர்க்கு நாம் செலுத்தும் கடன். அறிவியல் பயில்வோர்க்கு மட்டுமன்றி, நூல் பயிலும் மாணவர்க்கும் இஃது உரிய பாடமாகும்.