கம்ப்யூட்டர் எழும்பலையா? அவசரப்பட்டு அழிக்காதீங்க!

நம்ம லேப்பில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. லோகோ வரும், நீலத்திரை மின்னும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். "ஃபார்மேட்தான் பண்ணணும்" என்றார்கள். பண்ணினால் பத்தாம் வகுப்பு அக்காக்கள் டைப் செய்த ப்ராஜெக்ட் எல்லாம் போயிடும்!

சார் முதலில் தேதியைப் பார்த்தார். பல வருஷம் பின்னால் போயிருந்தது. காரணம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்ததும் அமைப்பெல்லாம் பழையபடி மாறிவிட்டது.

விண்டோஸ் போட்டபோது ஹார்டு டிஸ்க் 'ஏஹெச்சிஐ' முறையில் இருந்தது. இப்போது 'ஐடிஇ' ஆகிவிட்டது. அதனால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே எட்ட முடியலை. பூட்டு மாறினதால் சாவி சேரலை, வீட்டுக்குள் சாமான் பத்திரமாகத்தான் இருந்தது!

நீங்களும் வரிசையாகப் பாருங்கள்:

1. பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அதிலிருந்து பூட் ஆக முயன்றும் நின்றுவிடலாம்.

2. ஆன் ஆனதும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் போங்கள். டிஸ்க் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார் முன்னால் கேபிளைச் சரிபாருங்கள்.

3. பெயர் தெரிந்தால் பூட் வரிசையையும் டிஸ்க் முறையையும் பாருங்கள். மாற்றும் முன் பழையதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம்.

சார் புது பேட்டரி போட்டார், ஏஹெச்சிஐ-க்கு மாற்றினார். அக்காக்களின் ப்ராஜெக்ட் ஒன்றுகூடப் போகலை!

காரணம் தெரியாமல் அழிக்காதே!