கறுப்புக்கு எவ்வளவு மால்ட்?

மான்செஸ்டரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமமும் வேண்டாம், வரியும் வேண்டாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். குளிர்காலத்துக்கென்று இவர் இம்பீரியல் ஸ்டவுட் என்னும் கடும் கறுப்பு பீர் காய்ச்சப் போகிறாராம். சாராயம் 9 சதவீதத்துக்குக் குறையக் கூடாதாம். கடையில் கறுப்பு, சாக்லேட், பழுப்பு, கிரிஸ்டல், வறுத்த பார்லி என்று பைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போய், எல்லாவற்றிலும் ஒவ்வொரு கிலோ வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. (இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் அண்டாவை இறக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். படிப்பதற்குத் தடையில்லை.)

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதைச் சுடுநீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும்; இது ஊரறிந்த கதை. நேரே வறுவலுக்கு வருகிறேன். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் சூடு தாங்காதவை. மென்சூட்டில் உலர்ந்த வெளிர் மால்ட்டில் அவை பிழைத்திருக்கும். கருக வறுத்ததில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பீருக்குக் கடுமை தருவது வெளிர் மால்ட்தான். கறுப்பு நிறத்துக்கும் கடுமைக்கும் சம்பந்தமே இல்லை. பத்தில் எட்டுப் பங்காவது வெளிர் மால்ட் இருக்கட்டும். மிச்ச இடத்துக்குத்தான் மற்றவை போட்டியிட வேண்டும்.

அவற்றில் கிரிஸ்டல் மால்ட் ஒரு தனிப் பிறவி. முளைத்த ஈரம் காயுமுன்பே தானியத்தை மூடிய உருளையில் போட்டு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் புழுங்க வைக்கிறார்கள். மாவு உமிக்குள்ளேயே பாகாகிவிடும். பிறகு சூட்டை ஏற்றினால் பாகு நிறம் மாறி, ஆறியதும் கண்ணாடியாக இறுகும். ஈஸ்ட்டால் முழுதும் தின்று தீர்க்க முடியாத இனிப்பும் உலர்திராட்சை மணமும் இதிலிருந்து வருபவை. கடும் பீரில் எப்படியும் இனிப்பு மிஞ்சும் என்பதால் இதில் கை இறுக்கம் நல்லது. சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் கிடையாது. 200 டிகிரிக்கு மேல் வறுத்த மால்ட், நிறத்தால் அந்தப் பெயர். அதற்கும் ஒரு படி மேலே போனால் கறுப்பு மால்ட். வறுத்த பார்லி முளைகட்டாமலே வறுத்தது. காப்பியின் உலர்ந்த கசப்பைத் தரும். பிரிட்டனில் 1880 வரை இதைப் பீரில் சேர்ப்பது சட்டவிரோதம். வரி மால்ட்டின் மேல் இருந்ததால், மால்ட் ஆகாத தானியம் அரசின் கண்ணில் வரி ஏய்ப்பு. பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிய பிறகுதான் இதற்கு வழி பிறந்தது.

எனக்கு இந்த வரிசையில் அலுக்காத விஷயம் கறுப்பு மால்ட் பிறந்த கதை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கூலித் தொழிலாளிகளின் பானம் போர்ட்டர் என்ற பழுப்பு பீர், ஸ்டவுட்டின் மூதாதை. அதற்கான மால்ட் பக்கத்து ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலிருந்து வந்தது. சூளைத் தட்டில் தானியத்தை மெல்லியதாகப் பரப்பி, அடியில் விறகை எரியவிட்டு, கடைசியில் தீயைச் சட்டென்று ஏற்றுவார்கள். தானியம் பொரிந்து உப்பும். விறகுப் புகையும் அதில் ஏறும். மால்ட் கூடத்தோடு பற்றி எரியும் அபாயமும் இருந்தது.

அப்போது ஹைட்ரோமீட்டர் வந்து சேர்ந்தது. திரவத்தில் மிதக்கவிட்டால் அடர்த்தியைச் சொல்லிவிடும் கருவி. ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் அதை வைத்து எந்த மால்ட்டில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது என்று அளந்து 1784இல் புத்தகமாகவே வெளியிட்டார். விலை மலிவு என்று எல்லோரும் நம்பிய பழுப்பு மால்ட், சத்துக் கணக்கில் பார்த்தால் வெளிர் மால்ட்டைவிட நஷ்டம் என்று தெரிந்தது. நெப்போலியனோடு நடந்த போருக்காக மால்ட் வரியும் ஏறிக்கொண்டிருந்த காலம். ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். லாபம் வந்தது. நிறம் போயிற்று. போர்ட்டர் வெளுத்தால் யார் குடிப்பார்கள்?

கருக்கிய சர்க்கரையை ஊற்றினார்கள். 1811இல் சட்டமும் அதை அனுமதித்தது. நிறத்தோடு நின்றதா என்றால் இல்லை. தண்ணீர் கலந்து நீர்த்துப்போன பீரில் மயக்கம் ஏற்ற, காக்கைக்கொல்லி விதையைச் சேர்த்தார்கள். தென்னிந்தியாவில் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட அதே நச்சு விதைதான். கப்பலேறி லண்டன் போயிருக்கிறது. வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கம் 1820இல் எழுதிய கலப்பட நூலில் இதற்காகப் பீர் ஆலைகளைத் தோலுரித்தார். அதற்கு முன்பே, 1816இல், மால்ட்டும் கசப்புக்கான ஹாப்ஸ் பூவும் தவிர நிறத்துக்கோ கடுமைக்கோ எதையும் சேர்க்கக் கூடாதென்று நாடாளுமன்றம் கதவைச் சாத்தியிருந்தது. சர்க்கரைக் கருக்கலுக்கும் தடை.

மறுவருடமே, 1817இல், டேனியல் வீலர் ஒரு காப்புரிமையோடு வந்தார். மால்ட்டைத் தட்டில் பரப்பாமல், சுழலும் இரும்பு உருளைக்குள் போட்டு, நெருப்பு நேரடியாகப் படாமல் வறுக்கும் முறை. காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையின் தம்பி. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தது. கரியடுப்பின் மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவது எங்கள் வேலை. மூக்கால் வறுப்பது பாட்டியின் வேலை. கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டு, மணம் திரும்பும் கணத்தில் “இறக்கு, இறக்கு” என்று கத்தி, முறத்தில் கொட்டி விசிறுவாள். நாலு சுற்று கூடிப்போனால் அந்த வாரம் முழுக்கத் தீய்ந்த காப்பிதான். மால்ட்டிலும் அதே அவசரம். சாக்லேட் மால்ட்டுக்கும் கறுப்பு மால்ட்டுக்கும் நடுவே இருப்பது சில நிமிடங்கள். கறுப்பைத் தாண்டினால் உருளைக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதனால்தான் இன்றும் பதம் வந்ததும் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சி வறுவலை நிறுத்துகிறார்கள்.

வீலரின் மால்ட் சட்டத்துக்கு உட்பட்டது, ஏனென்றால் அதுவும் மால்ட். துளி போட்டால் அண்டா நிறைய நிறம். பெரிய ஆலைகள் பாய்ந்து வாங்கின. அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. 1819இல் வழக்கு வந்தது. காப்புரிமையின் தலைப்பில் மால்ட் தயாரிக்கும் முறை என்றிருக்கிறது, உள்ளேயோ பீருக்கு நிறமேற்றும் பொருளைப் பற்றிய விவரம் இருக்கிறது, இரண்டும் பொருந்தவில்லை என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. ஆனாலும் இன்றுவரை பிரிட்டிஷ் மால்ட் கடைகளில் அந்தப் பையின் மேல் ‘பேட்டன்ட்’ (காப்புரிமை) என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் நாம் இழந்தது பழைய பழுப்பு மால்ட்டை. பொரிந்திருந்தாலும் அதில் நொதிகள் மிஞ்சியிருந்தன. அதை மட்டுமே வைத்து ஒரு போர்ட்டர் முழுவதையும் காய்ச்ச முடிந்தது. இன்று அந்தப் பெயரில் விற்பது உருளையில் வறுத்த, நொதியற்ற பண்டம். அதிலும் வறுத்த ரொட்டியின் ஓரத்து மணம் இருக்கிறது; இருந்தும் வாங்க ஆளில்லாமல் கடையின் பின்வரிசையில் கிடக்கிறது. ஒரு கருவி சர்க்கரையை மட்டும் அளந்தது. அது அளக்காத மணத்துக்கு மதிப்பில்லை என்று மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். இப்போது ஸ்டவுட் என்ற பெயரில் வெண்ணிலா, தேங்காய், பால்சர்க்கரை, கேக் மணம் என்று எதை எதையோ கொட்டுகிறார்கள். 1811இன் சர்க்கரைக் கருக்கலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மால்ட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் காப்பி, கொக்கோ, திராட்சை எல்லாம் தானியத்திலிருந்தே வரும். அதற்குப் பொறுமை வேண்டும், சிரப் புட்டிக்கு வேண்டாம்.

வாசகருக்கு என் பட்டியல்: 20 லிட்டர் பீருக்கு வெளிர் மால்ட் ஆறரைக் கிலோ, மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகம் கிடைத்தால் அது. பழுப்பு மால்ட் 700 கிராம். கறுப்பு 300, கிரிஸ்டல் 300, சாக்லேட் 200. வறுத்த பார்லி வேண்டாம். அந்த வேலையைக் கறுப்பு செய்துவிடும். வறுத்த மூன்றில் பழுப்புக்குத்தான் பெரும் பங்கு என்பதைக் கவனியுங்கள். கறுப்பும் சாக்லேட்டும் சேர்ந்தே அரைக் கிலோதான். வெளிச்சம் புகாத நிறத்துக்கு அது தாராளம். உமியின் தீய்ந்த கசப்பு பிடிக்காதவர்களுக்கு, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வைர்மன் நிறுவனம் உமி நீக்கி வறுத்த மால்ட் விற்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடும் ஸ்டவுட்டுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம் அழகு என்பது என் கட்சி.

கடைசியாகத் தண்ணீர். வறுத்த மால்ட் புளிப்புத்தன்மை உடையது. லண்டனிலும் டப்ளினிலும் கறுப்பு பீர் தழைத்ததற்கு அங்கத்திய சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு காரணம்: தண்ணீரின் காரத்தை மால்ட்டின் புளிப்பு சரிக்கட்டியது. மென்மையான தண்ணீர் கொண்ட செக் நாட்டுப் பில்சனில் பொன்னிற பீர் பிறந்தது. மான்செஸ்டர் குழாயில் வருவதோ 1894 முதல் ஏரி மாவட்டத்து மென்தண்ணீர். அதில் இவ்வளவு வறுவலையும் தொடக்கத்திலேயே போட்டால் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.2க்குக் கீழே இறங்கிப் பீர் சுள்ளென்று ஆகிவிடும். வெளிர், பழுப்பு, கிரிஸ்டல் மூன்றையும் முதலில் சுடுநீரில் முக்கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கறுப்பையும் சாக்லேட்டையும் தனியாக அரைத்து வைத்திருந்து கடைசிக் கால் மணி நேரத்தில் கலந்தால் போதும். நிறம் முழுக்க இறங்கிவிடும். பி.எச். அப்போதும் தாழ்ந்தால் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கலக்கி, மறுபடி அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.