கூப்பிட்டால் வரும் நாய்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பலர் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அவிழ்த்து விட்டதும் நாயின் சங்கிலியைக் கழற்றி விட்டதுமே. போகுமிடம் தெரியாத பயணத்தில் நாயைக் கொண்டு செல்ல இயலாது. ஆனால் போன இடத்தில் ஒரு கொட்டிலைப் போட்டு, நாலு கோழியும் ஓர் ஆடும் சேர்ந்தவுடன், யாராவது ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கமக்காரக் குடும்பத்துக்கு நாயில்லாத வளவு வளவாகத் தோன்றுவதில்லை.

சொந்த ஊரில் பத்துப் பரப்பு வளவில், கதியால் வேலிக்குள் திரிந்த நாய்க்கு நாம் எதையும் பழக்கவில்லை. பழக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரவல் காணியில் நிலைமை வேறு. அடுத்த கொட்டில் பத்தடி தள்ளி நிற்கும். நடுவில் வேலியும் இராது. நாய் அயலவரின் கோழியைப் பிடித்தால், அல்லது தண்ணீர் அள்ள வந்த பிள்ளையைக் கடித்தால், அது நாயோடு முடிகிற விடயமல்ல. காணி தந்தவரின் முகம் மாறும். மீளக்குடியமர்ந்த இடங்களில் இன்னொரு பயமும் உண்டு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய பற்றைக்குள் நாய் ஓர் உடும்பைத் துரத்திக்கொண்டு ஓடினால், அதன் பின்னால் ஓடுவது வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே ஒன்றைப் பழக்கத்தான் நேரமுண்டு என்றால், கூப்பிட்டவுடன் திரும்பி வருவதைப் பழக்குங்கள் என்போம்.

இதை நாம் பிழைவிட்டுத்தான் படித்தோம். எமது நாய் ஒருநாள் அயல்வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடித்துவிட்டது. தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அது குஞ்சைப் போட்டுவிட்டு வாலைக் குழைத்தபடி எம்மிடம் வந்தது. வந்ததும் பூவரசந்தடியால் நன்றாகக் கொடுத்தோம். அன்று முதல் அது கோழி பிடிப்பதை நிறுத்தவில்லை. கூப்பிட்டால் வருவதைத்தான் நிறுத்தியது.

நாயின் பக்கமிருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் இடையே ஓரிரண்டு விநாடிக்கு மேல் சென்றுவிட்டால் நாய்க்கு அவ்விரண்டையும் தொடுத்துப் பார்க்க முடியாது. அடி விழுந்த நேரத்தில் அது செய்துகொண்டிருந்தது என்ன? எம்மிடம் வந்தது. அதற்கே அடி கிடைத்தது. “செய்த பிழை அதுக்குத் தெரியும், எப்படித் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்குது பாருங்கோ” என்று சொல்வோம். அது குற்றம் உணர்ந்து நிற்பதன்று. எமது குரலையும் கையையும் கண்டு, கோபத்தைத் தணிக்கப் பார்க்கிறது. அடிபட்டு வளர்ந்த நாய் கையைக் கண்டால் ஒதுங்கும். ஒதுங்க இடமில்லாதபோது கடிக்கும். நெருக்கமான குடியிருப்பில் அப்படியான நாய்தான் ஆபத்தானது.

விளையாட்டால் நாய் எதைத்தான் படிக்கப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. அத்தகைய நாய்க்கு வெடிமருந்து என்றால் என்னவென்று தெரியாது. அந்த மணம் வரும் இடத்தில் அசையாமல் இருந்தால் தனக்கு விருப்பமான பந்து கிடைக்கும், எசமான் சேர்ந்து விளையாடுவார் என்பதே அதற்குத் தெரிந்தது. தோண்டினால் பந்து வராது, இருந்தால் வரும். இந்தச் சிறிய ஒழுங்கைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பப் பழக்கித்தான் நாயைக் களத்துக்குக் கொண்டு செல்வார்கள். உயிர் போகக்கூடிய வேலையை அடித்துப் பழக்க அவர்கள் துணிவதில்லை. பயந்த நாய் மோப்பம் பிடிப்பதை விட்டு மனிதனையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

எமக்கு விலைகொடுத்து வாங்கிய பந்து தேவையில்லை. பழைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து இறுக முடிச்சுப் போட்டால் போதும். சூப்பிக் காய்ந்த பனங்கொட்டையும் உதவும். பரிசாகக் கொடுக்கும் உணவும் மேலதிகச் செலவாக இருக்கக்கூடாது. நாய்க்கு வைக்கும் சோற்றில் ஒரு பிடியை எடுத்து, மீன் துண்டொன்றைப் பிசைந்து, கச்சான் பருப்பளவு உருண்டைகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் பங்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பசியோடு இருக்கும் மாலை நேரம் பழக்குவதற்கு நல்லது. ஐந்து நிமிடம் போதும். நாய் இன்னும் விளையாட ஆசைப்படும்போதே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் வீட்டார் எல்லோரும் ஒரு சொல்லில் உடன்பட வேண்டும். அப்பா “வா” என்றும், அம்மா “இஞ்ச வா” என்றும், பிள்ளைகள் சீழ்க்கையடித்தும் கூப்பிட்டால் நாய் எதைப் படிக்கும்? சொல் முடிவானபின் இரண்டு பிள்ளைகள் பத்தடி தள்ளி எதிரெதிரே குந்தியிருக்கட்டும். ஒருவர் மகிழ்ச்சியான குரலில் பெயரையும் சொல்லையும் ஒரு தடவை சொல்லவேண்டும். நாய் வந்து சேர்ந்த கணமே ஓர் உருண்டையும் தடவலும். பின்னர் மற்றவர் கூப்பிடுவார். நாலைந்து நாட்களில் தூரத்தைக் கூட்டலாம். அதன்பின் ஒருவர் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கூப்பிடட்டும். தேடிக் கண்டுபிடிப்பதில் நாய்க்கு உள்ள மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு உள்ளதிலும் குறைவல்ல. கட்டில்லாத கிணற்றடியில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

வராவிட்டால் பத்துத் தடவை கத்தாதீர்கள். அப்படிக் கத்தினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போகும். துரத்தவும் வேண்டாம், துரத்தினால் அதையே விளையாட்டென்று எண்ணி இன்னும் தூரம் ஓடும். மறுபக்கம் திரும்பி நீங்கள் ஓடுங்கள், அது உங்களைத் துரத்தி வரும். எவ்வளவு பிந்தி வந்தாலும், வந்த நாயைப் பேசாதீர்கள். கட்டுவதற்காக மட்டும் கூப்பிடும் வழக்கமும் கூடாது. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தடவிக்கொடுத்து மீண்டும் ஓட விடுங்கள்.

முடிச்சுத் துணியை வைத்து “விடு” என்பதையும் பழக்கலாம். நாய் ஒரு முனையைக் கௌவி இழுக்கும்போது நீங்கள் இழுப்பதை நிறுத்தி, மூக்கருகே ஓர் உருண்டையைக் காட்டி, வாயைத் திறக்கும் நேரம் “விடு” என்று சொல்லுங்கள். விட்டவுடன் உருண்டையைக் கொடுத்து, துணியையும் திருப்பிக் கொடுங்கள். விட்டால் நட்டமில்லை என்று நாய் அறியவேண்டும். கையைக் கடித்து விளையாடும் குட்டியை அடிக்க வேண்டாம். எழுந்து அப்பால் போய்விடுங்கள். விளையாட்டு நின்றுபோவதே அதற்குப் போதிய தண்டனை.

கோழி விடயம் கொஞ்சம் கடினமானது. துரத்துவதே நாய்க்கு இன்பமாதலால், அங்கே பரிசு கொடுப்பது நாமல்ல, ஓடுகிற கோழி. ஆகையால் குட்டியாக இருக்கும்போதே ஒரு தடவையேனும் துரத்த விடாமற் பார்த்துக்கொள்வது நல்லது. கயிற்றில் பிடித்தபடி, கோழிகள் மேய்வதைத் தூரத்தில் நின்று பார்க்க விடுங்கள். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினால் உருண்டை கொடுங்கள். நாளுக்கு நாள் சற்றுக் கிட்டப் போகலாம். பல கிழமைகள் செல்லும். கோழி பிடித்து ருசி கண்ட வளர்ந்த நாயை இந்த முறையாலும் முற்றாக நம்ப முடியாது. கோழிகள் வெளியே நிற்கும் நேரத்தில் அதைக் கட்டி வைப்பதே புத்தி.

குட்டி எடுப்பவர்கள் அது பிறந்து எட்டு வாரமாகும் வரை தாயோடு விடுங்கள். கூடப்பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் கடியின் அளவை அது படிக்கிறது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையான காலத்தில் எதைக் கண்டு பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பெரும்பாலும் பயப்படாது என்பதை அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார்கள். அந்த நாட்களில் அயலவர், வயோதிபர், சைக்கிள், ஆடு மாடு எல்லாவற்றையும் குட்டிக்கு அமைதியாகக் காட்டுங்கள். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைச் சத்தத்துக்குப் பக்கத்தில் இழுத்துச் சென்று பழக்க நினைப்பது கொடுமை. வருடப் பிறப்பு வெடிக்கு அது கொட்டிலுக்குள் ஒளிந்தால் ஒளியட்டும்.

எவ்வளவு சாதுவான நாயென்றாலும், தின்னும்போதும் உறங்கும்போதும் குட்டிகளோடு கிடக்கும்போதும் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கால்நடை வைத்திய அலுவலகத்திலோ விசாரியுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

எமது நாயைத் திருத்த ஏறக்குறைய மூன்று மாதம் சென்றது. பழைய பெயரைக் கேட்டாலே அது வேலிப் பக்கம் பதுங்கியதால், பெயரையும் கூப்பிடும் சொல்லையும் மாற்றவேண்டி வந்தது. பிள்ளைகள் வைத்த புதுப் பெயருக்கு முதற் கிழமை அது காதைக்கூட அசைக்கவில்லை. இரண்டாம் கிழமையில் ஒருநாள், கிணற்றடியில் நின்ற சின்னவன் சும்மா ஒரு தடவை கூப்பிட, படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து போய் அவன் முன்னால் நின்றது. அவன் கையில் அப்போது உருண்டை இருக்கவில்லை. ஓடிப்போய் அடுக்களையில் ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கி வந்தான்.