சரக்கு வண்டியின் பிரேக்கும் கமான் பட்டையும்: செலவு எங்கே ஏறுகிறது?

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு ‘குட்டி யானை’ சாலைக்கு வந்தபின் இவர்கள் தொகை கூடியது. சிலர் தனியாக வாங்கியிருக்கிறார்கள். சிலர் அண்ணன் தம்பி பங்காக வாங்கியிருக்கிறார்கள். டீசல் செலவு அன்றாடம் தெரிகிறது. தவணை மாதந்தோறும் தெரிகிறது. பிரேக், கமான் பட்டை இரண்டின் செலவு மட்டும் ஒருநாள் பெரிய பில்லாக வந்து நிற்கிறது. தக்காளியில் கிடைத்த லாபம் பட்டறைக்குப் போய்விட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் பலர்.

உண்மையில் இந்தச் செலவு ஒரே நாளில் வருவதில்லை. விலை குறைந்த பாகம் ஒன்று தேய்கிறது. அதை மாற்றாமல் விடுவதால் அது காத்துவந்த விலை கூடிய பாகம் கெடுகிறது. பெரிய பில்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். ஆகவே, எந்தச் சிறு பாகம் எந்தப் பெரிய பாகத்தைக் காக்கிறது என்று வண்டிக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

லைனிங்கும் டிரம்மும்

பெரும்பாலான சிறு சரக்கு வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களின் மேல் லைனிங் பொருத்தப்பட்டிருக்கும். மிதித்தால் இந்த லைனிங் டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்துகிறது. தேய்வதற்கென்றே வைத்த பாகம் லைனிங். தேயக்கூடாத பாகம் டிரம்.

லைனிங் முழுதும் தேய்ந்தபின்னும் ஓட்டினால், ரிவெட் தலைகளோ ஷூவின் இரும்போ டிரம்மைக் கீறத் தொடங்கும். கீறல் குறைவாக இருந்தால் லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் எவ்வளவு வரை கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. பல டிரம்களில் அந்த அளவு பொறிக்கப்பட்டே இருக்கும். எல்லையைத் தாண்டிக் கடைந்த டிரம் மெலிந்து, சூடேறி, வெடிப்பு விடும். முன்சக்கரத்து டிஸ்க்குக்கும் இதே கதைதான். அங்கே லைனிங்குக்குப் பதில் பேட். பேட்டின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நலம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டபின் போனால் பேட்டோடு டிஸ்க்கும் சேர்ந்து பில்லில் ஏறும்.

லைனிங்கோ பேட்டோ ஒரு பக்கம் மட்டும் மாற்றிச் செலவைப் பாதியாக்கலாம் என்று நினைக்கக்கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் உடனே பார்க்க வேண்டும். அது வீல் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அச்சிலிருந்து ஆயில் சீலைத் தாண்டி வரும் கிரவுன் ஆயிலாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் லைனிங்கில் ஊறிவிட்டால் அந்த லைனிங் பயன்படாது. பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஊறிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் மேலே வரும், பிரேக் நழுவும். ஆயில் சீலின் விலையோ மிகச் சொற்பம்.

வயலுக்குள் இறங்கும் வண்டிகளுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. பின் அச்சுக் கூட்டின் மேலே காற்று வெளியேறச் சிறிய மூச்சுத் துளை ஒன்று இருக்கும். அதில் சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும் காற்று போக வழியின்றிக் கிரவுன் ஆயிலை சீல் வழியே வெளியே தள்ளும். புது சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். துளையைச் சுத்தம் செய்யக் காசு செலவில்லை.

மலை இறக்கம்

ஓடும் வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றித்தான் பிரேக் அதை நிறுத்துகிறது. சுமை இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. கொல்லிமலையிலிருந்து வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டி, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அடிவாரம் வருமுன் லைனிங் கருகும் வாடை வரும். அந்தச் சூட்டில் லைனிங் பிடிப்பை இழக்கிறது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை குறையும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவதும் உயிருக்கு ஆபத்து. இஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசையும் நின்றுபோய், பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் பஞ்சுபோல் அமுங்குமே தவிர வண்டி நிற்காது. 2 ஆண்டுக்கு ஒரு முறை இந்த ஆயிலை மாற்றுவது பொதுவான முறை. டாட் 3, டாட் 4 என்று வண்டிக்கு எது சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துச் சிலிண்டர்கள், குழாய்கள் என்று முழு அமைப்பையும் பிரிக்க நேரும். ஒரு சிறு டப்பா ஆயிலை மிச்சம் பிடிக்கப்போய் வரும் செலவு இது.

கமான் பட்டை

வில் வைத்த மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குக் கமான் பட்டையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுமையைத் தாங்குவதோடு, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் இதன் வேலை. பட்டைகளை ஒன்றாகக் கோத்திருப்பது சென்டர் போல்ட். அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யு போல்ட்டுகள். யு போல்ட் தளர்ந்தால் முழு விசையும் சென்டர் போல்ட்டில் விழும். அது வெட்டுப்பட்டால் அச்சு நகரும். டயர் ஒருபக்கமாகத் தேயும். பிரேக் குழாய் இழுபடும். ஒரு ஸ்பேனர் வேலையை விட்டதால் டயர் வாங்க வேண்டி வருகிறது. ஷேக்கிளில் உள்ள புஷ் தேய்ந்து, பள்ளத்தில் விழும்போது ‘டொக்’ என்று சத்தம் கேட்டால் தள்ளிப்போடக்கூடாது. கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் தவறாமல் கிரீஸ் அடித்தாலே புஷ்ஷின் ஆயுள் கூடும்.

சந்தைக்குப் போகும் வண்டிகளில் அதிகம் காணப்படும் வேலை, கூடுதலாக ஒரு பட்டை ஏற்றுவது. பாரம் ஏற்றினால் வண்டி தாழ்கிறது. பட்டை ஏற்றினால் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் கூடியது பட்டையின் பலம் மட்டுமே. பிரேக், அச்சு, பேரிங், டயர், சேஸிஸ் எல்லாம் பழைய அளவுக்குச் செய்தவை. தாழ்ந்து நின்ற வண்டி ‘பாரம் அதிகம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பட்டை ஏற்றியதும் அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது. காலியாகவோ குறைந்த பாரத்திலோ ஓடும்போது வண்டி குதிக்கும். அந்த அதிர்ச்சியில் கிரேடுக்குள் இருக்கும் தக்காளி அடிபட்டு, சந்தையில் இரண்டாம் தர விலைக்குப் போகும். அது பட்டறைப் பில்லில் வராத நஷ்டம். பதிவுச் சான்றில் உள்ள எடைக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

வெடித்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது. வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறுபடி முறியும். வளைவு இறங்கிய பட்டையை உலையில் காய்ச்சி வளைவு ஏற்றித் தருபவர்கள் உண்டு. புதுப் பட்டையை விட மலிவு என்பதால் பலர் இதை நாடுகிறார்கள். கொல்லர்கள் அரிவாள் அடிக்க எடுப்பதும் இந்தப் பட்டை இரும்பைத்தான். அரிவாளைக் காய்ச்சி அடித்தபின் துவைச்சல் போடாவிட்டால் வாய் மழுங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டையும் அப்படியே. காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் சில நடைகளிலேயே பழையபடி இறங்கிவிடும். முறைப்படி கடினமாக்கிப் பதப்படுத்தித் தரும் பட்டறை என்றால் மட்டுமே கொடுக்கலாம். இல்லையேல் அந்த ஒரு பட்டையைப் புதிதாக வாங்குவதே மலிவு.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

பில்லைப் படிப்பது

ஒர்க்‌ஷாப் பில்லில் பாகங்களின் விலை, கூலி, வரி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டி உதிரிபாகங்களுக்குச் சரக்கு–சேவை வரி 18 சதவீதம்; அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. ரசீது இல்லாமல் வாங்கினால் அந்த வரி மிச்சம்தான். ஆனால் பாகம் போலி என்று தெரிந்தால் கேட்க வழியில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்வதும் நல்ல பழக்கம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூலியில்தான் உண்மையாக மிச்சம் பிடிக்க முடியும். லைனிங் மாற்றச் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியாக வேண்டும். அதே நேரத்தில் வீல் சிலிண்டர் ரப்பர், ஆயில் சீல், பேரிங், ஹப் கிரீஸ் எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமானதை மாற்றிவிட்டால் கழற்றிப் பூட்டும் கூலி ஒருமுறைதான். மாதம் ஒன்றாகப் பார்த்தால் அதே கூலியை மூன்று முறை கொடுக்க நேரும். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்ல வேண்டும். சில லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும்; அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

வண்டியின் வயது 8 ஆண்டு ஆகும்வரை தகுதிச் சான்று 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். சான்றுக்குப் போகும் வாரத்தில் அவசரமாகச் செய்யும் வேலைக்குக் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும். அறுவடை முடிந்து வண்டி ஓய்வாக நிற்கும் நாட்களில் செய்துகொண்டால் பேரம் பேச இடமுண்டு. கைப்பணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், மாதம் 20 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆண்டில் 14,400 ரூபாய் சேரும். வட்டிக்கு வாங்காமல் பட்டறைக்குப் போகலாம்.

வேலை முடிந்து வந்த வண்டியை அன்றே முழுப் பாரத்தோடு மலையில் இறக்கக்கூடாது. புது லைனிங் டிரம்மோடு ஒத்துப்போகச் சில நாள் ஆகும். அதுவரை குறைந்த பாரத்தில் சமவெளியில் ஓட்ட வேண்டும். கமான் பட்டை வேலை செய்திருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பாரம் ஏற்றிய நிலையில் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் இதற்குப் பெரும்பாலும் தனிக் கூலி கேட்பதில்லை.